இடம் போதவில்லை

கோட்டைச்சாமியின் ஏலக்காய்க் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில் சந்திரவல்லி ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். உள்ளே பல்லி ஒன்று செத்துக் காய்ந்து விசிறியோடு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிலும் பச்சையும் சாம்பலுமாக ஏலக்காய்த் தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி.

"இதுலதான் இம்புட்டு நாளா பில்லு போட்டீகளா?" என்று கேட்டாள்.

பில் போடுகிறவர் வாயில் வெற்றிலையை அதக்கியபடியே தலையாட்டினார். கீபோர்டின் நீளப் பட்டை ஏன் செங்காவி நிறத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த ஆபீசில் அவள் கை கழுவாத நாளே இல்லை.

சந்திரவல்லிக்குப் பிறந்த ஊர் சிலமலை. அப்பாவுக்கு மக்காச்சோளமும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. போடியிலேயே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறியபோது இவளுக்கு ராசிங்காபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை விஜயபாண்டி ஜீப்பு ஓட்டுகிறவன். விடிவதற்குள் தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போவான். பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவான். அதிகம் பேசாத மனிதன். கல்யாணமான புதிதில் "நீ படிச்ச படிப்புக்கு வீட்டுல இருந்தா துருப்பிடிச்சுப் போகும், எங்கயாச்சும் சோலிக்குப் போ" என்று அவனே சொன்னான். பில் போடச் சேர்ந்தவள், கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்கிறவளாக ஆனாள். அவளுடைய பதவிக்கு ஆபீசில் யாரும் பெயர் வைக்கவில்லை. "சிஸ்டம் பாக்குற புள்ள" என்றார்கள். முப்பத்தைந்து வயதானபோதும் புள்ளதான்.

அவள் வேலையில் பெரும்பகுதி அப்டேட். கம்ப்யூட்டருக்கு மாதாமாதம் வருகிற அப்டேட் ஒன்று, வைரஸ் தடுப்புக்கு ஒன்று, வரி விதி மாறும்போதெல்லாம் பில் மென்பொருளுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. எதையும் உடனே எல்லா மெஷினிலும் போட்டுவிடக் கூடாது. முதலில் தன் மெஷினில் போட்டு, இரண்டு மூன்று நாள் அதிலேயே வேலை செய்து பார்த்து, பில் அடிக்கிறதா, தராசு கம்ப்யூட்டரோடு பேசுகிறதா, பிரிண்டர் முரண்டு பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு, அதற்கப்புறம்தான் மற்ற மெஷின்களுக்குக் கொண்டு போவாள். இந்தப் பொறுமையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருமுறை அவசரப்பட்டு எல்லாவற்றிலும் போட்டு, ஒரு பகல் முழுக்க ஆபீசே கைகட்டி நின்றதில் வந்த பொறுமை அது.

மலைமேல் கம்பெனிக்குக் காய் வாங்கும் டிப்போக்கள் இருந்தன. அங்கே நெட் என்பது மேகம் மாதிரி, வந்தால் வரும். அதனால் அப்டேட்டை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டு புருசனின் ஜீப்பிலேயே மேலே போவாள். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்தில் இருக்கிற பெண் மடியிலேயே வாந்தி எடுப்பாள். சந்திரவல்லி பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். மேலே போய்ச் சேர்ந்தால் டிப்போவில் இருக்கிற ஆள் மலையாளமும் தமிழும் கலந்து, "அப்டேட் பின்ன மதி சேச்சி, இப்ப காய் வருது" என்பான். பின்ன, பின்ன என்று தள்ளிப்போட்டே ஒரு வருசத்து அப்டேட் தேங்கிக் கிடக்கும்.

"போன மாசம் வெச்சுட்டுப் போனேனே, அது என்னாச்சு?"

"அது சுத்திக்கிட்டே இருந்துச்சு சேச்சி. பயந்து பேடிச்சுப் போயி பிளக்கப் புடுங்கிட்டேன்."

பாதியில் மின்சாரம் போன மெஷின் பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுபோகும். திரையில் நீலம் மட்டும் தெரியும். அதைப் பின்னுக்கு இழுத்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அந்த வேலைக்காக உட்கார்ந்த நாற்காலியில் யாரோ துடைத்த மூக்குச்சளி காய்ந்திருக்கும். மவுசுக்கு அடியில் எறும்பு. ஒரு டிப்போவில் சிபியுவின் பின்பக்கத் துளையில் யாரோ பீடித் துண்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். சாம்பல் கிண்ணம் தூரத்தில் இருந்ததாம்.

அழுக்கையாவது கழுவிவிடலாம். அவளுக்குக் குமட்டியது வேறு ஒன்று. அந்தக் கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் அது அப்டேட் தலையில் விழுந்தது. எடையைத் தப்பாக அடித்தவன் "அப்டேட்ல மாறிருச்சு" என்றான். லாரிக்கு வழிச்சீட்டு போட மறந்தவன் "அப்டேட் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றான். வேலை நேரத்தில் சினிமா பார்த்து வைரஸை இழுத்துக்கொண்டவன்கூட அப்டேட்டையே சொன்னான். முதலாளி கோட்டைச்சாமி அவளைக் கூப்பிட்டு, "என்னாத்தா, ஒன் அப்டேட்டு இப்பிடிப் பண்ணுது?" என்பார். அவள் விளக்குவாள். அவர் கேட்டுக்கொண்டே போனில் ஏலக்காய் விலை பார்ப்பார். வீட்டுக்கு வந்து விஜயபாண்டியிடம், "பொய் சொல்றவன் வாயில ஒரு வாடை வருதுங்க. எனக்கு அது தெரியுது" என்று சொன்னாள். அவன் சிரித்தான்.

அந்த ஆபீசில் அவள் மதித்த ஒரே மனிதன் மேனேஜர் அழகுராஜா. கோட்டைச்சாமியின் அக்கா மகன். நாற்பதைத் தாண்டியவன். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், மேசையில் ஒரு காகிதம் கலைந்திருக்காது. அவன் கீபோர்டில் தூசி இருக்காது. அந்த ஆபீசில் அருவருப்பில்லாமல் அவள் தொட்ட ஒரே கீபோர்டு அது. அவளும் அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். அவன் "தங்கச்சி" என்பான்.

ஆபீசில் அவன் மெஷினில் மட்டும் அப்டேட் ஒழுங்காகப் போனதில்லை. ஒவ்வொரு முறையும் "அப்பறம் போட்டுக்கலாம் தங்கச்சி, இப்ப சோலி கெடக்கு" என்பான். நிர்ப்பந்தம் வந்தால் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். அவள் எந்த ஃபோல்டர் பக்கம் போனாலும், "அது என் சொந்த விசயம், அங்கிட்டுப் போகவேணாம்" என்பான். பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

ஐப்பசியில் பில் மென்பொருளுக்குப் பெரிய பதிப்பு ஒன்று வந்தது. பழைய கம்ப்யூட்டரில் அது ஓடாது; முதலில் கம்ப்யூட்டரையே அடுத்த பதிப்புக்கு ஏற்ற வேண்டும். ஆபீசிலும் மலையிலும் எல்லா மெஷினையும் சந்திரவல்லி ஏற்றி முடித்தாள். அழகுராஜாவின் மெஷின் மட்டும் மிச்சம். பில்லுக்கு அவன்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவன் மெஷினில் பில் திறக்காததால் வடக்கே போகவேண்டிய தீபாவளி லோடு வாசலில் நின்றது. அவன் ஏல மையத்தில் உட்கார்ந்திருந்தான். ஏலம் நடக்கும்போது போனை எடுக்க மாட்டான்.

"நீ ஏத்து. அவன் வந்தா நான் சொல்லிக்கிர்றேன். லாரிக்காரன் கத்துறான், வெரசா முடி" என்றார் முதலாளி.

அவள் எல்லா மெஷினையும் திறக்கும் தன் கடவுச்சொல்லைப் போட்டு அவன் மெஷினுக்குள் போனாள். அப்டேட் ஓடியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. இடம் போதவில்லை என்றது திரை.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆபீசிலேயே பெரிய டிஸ்க் அவனுடையது. பில்லும் கணக்கும் எவ்வளவு இடத்தைப் பிடித்துவிடும்? தற்காலிகக் கோப்புகளை அழித்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே. எது இடத்தைத் தின்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராக அளந்து பார்த்தாள். ஒன்றே ஒன்று மட்டும் டிஸ்க்கின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் பெயர் 'அப்டேட் பேக்கப்'.

அப்டேட்டுக்கு முன் நகல் எடுத்து வைப்பது அவள் வேலைதான். ஆனால் இந்தப் பெயரில் அவள் எதையும் வைக்கவில்லை. மெஷினே போட்டுக்கொண்டதா, வேறு யாராவது போட்டதா என்று தெரியாமல் அழிக்கக் கூடாது. திறந்து பார்த்தாள். வரிசையாக வீடியோக்கள். ஒன்றைச் சொடுக்கினாள்.

குடோனுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் அறை தெரிந்தது.

ஏலக்காயைத் தரம்பார்த்துப் பொறுக்க வருகிற பெண்கள் சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் டவுன் பஸ்சில் வருவார்கள். குடோன் தூசிக்கு நல்ல சேலை வீணாகிவிடும் என்று அந்த அறையில் பழைய சேலைக்கு மாறி, மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்வார்கள். சாயங்காலம் மறுபடி மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். திரையில் அவர்களில் மூத்தவளான செல்லத்தாய் அக்கா கதவைத் தாழ்போட்டுவிட்டு, கூடையை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்தாள்.

சந்திரவல்லி அதை மூடினாள். ஏதோ ஒன்று தப்பாகப் பதிவாகியிருக்குமோ என்று அவள் மனம் அந்த நேரத்திலும் ஒரு நல்ல காரணத்தைத் தேடியது. இன்னொன்றைத் திறந்தாள். அதில் அவளே இருந்தாள். ஜாக்கெட்டில் டீ கொட்டிய ஒரு நாள், அந்த அறைக்குப் போய்க் கழுவி மாற்றியது அவளுக்கு நினைவு வந்தது. திரையில் இருந்த சந்திரவல்லி எதுவும் தெரியாமல் கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

அதையும் மூடிவிட்டுக் கீபோர்டைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கையை அதன்மேலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். கழிப்பறைக்கு ஓடி, குடித்த காப்பி மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள். சோப்பைத் தேய்த்தாள். போதவில்லை. தரை கழுவ வைத்திருந்த பினாயிலைக் கையில் ஊற்றித் தேய்த்தாள். தோல் எரிந்தது, நாற்றம் போன மாதிரி இல்லை.

திரும்பி வரும்போது பெண்கள் அறையைத் தாண்டித்தான் வரவேண்டும். உள்ளே போனாள். மேலே காற்றாடிக்காகப் போட்ட பிளக்கில் செல்போன் சார்ஜர் மாதிரி வெள்ளையாக ஒன்று செருகியிருந்தது. எத்தனை பேர் அதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? அது ஆபீஸ் வைஃபையில்தான் ஓடியிருக்கிறது. அந்த வைஃபையைப் போட்டதும், வேகம் குறைகிறது என்று பெட்டியை மாற்றி அமைத்ததும் அவள்தான்.

மெஷினுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தபோது அவள் தெளிவாக இருந்தாள். அழித்தால் அவன் தப்பித்துக்கொள்வான். நகல் எடுத்தால் அந்தப் பெண்களின் உடம்பைத் தானும் கையில் தூக்கிக்கொண்டு திரிகிற மாதிரி ஆகும். அவள் இரண்டையும் செய்யவில்லை. மெஷினை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். அன்றைய சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டாள்.

நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"என்னாத்தா, முடிஞ்சதா?"

"அய்யா, பொம்பளைக ரூமுல கேமரா வெச்சிருக்கு. எல்லாம் மேனேஜர் மெஷின்ல கெடக்கு. நானே பாத்தேன்."

அவர் அதிர்ந்துபோவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு முன்பே தெரியும் என்று அந்தச் சாத்தலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"களவு போகுதுல்ல ஆத்தா" என்றார் மெதுவாக. "காயச் சீலைக்குள்ள முடிஞ்சுக்கிட்டுப் போறாளுக. வாசல்ல தடவிப் பாத்தா சண்டைக்கு வர்றாளுக. கேமரா ஒண்ணு வெச்சுக்கிர்றேன் மாமான்னான். சரின்னேன். அவன் இப்பிடிச் சேத்து வெச்சிருப்பான்னு எனக்குத் தெரியுமா?"

"சீலை மாத்துற ரூமுன்னு தெரியுமா தெரியாதா?"

அவர் மேசைமேல் இருந்த சாம்பிள் காய்களை விரலால் உருட்டினார். பிறகு நல்ல யோசனை ஒன்று தோன்றிய மாதிரி நிமிர்ந்தார்.

"நீ ஒண்ணு செய்யி. அப்டேட் போடயில எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிரு. நீ சொன்னா எல்லாரும் நம்புவாக. எப்பவும் அப்டேட்லதான எல்லாம் போகுது. அவனையும் நான் கண்டிச்சு வெக்கிறேன். வெளிய தெரிஞ்சா அந்தப் பிள்ளைகளுக்குத்தான அசிங்கம்?"

சந்திரவல்லிக்கு அந்த அறையின் வாசனையே மாறிப்போனது. ஏலக்காய், ஊதுபத்தி, அவர் போட்டிருந்த ஜவ்வாது, எல்லாம் சேர்ந்து நாறியது.

"அசிங்கம் அவுகளுக்கு இல்லய்யா" என்றாள். "நீங்க கேட்டதுதான் அசிங்கம்."

கதவைத் திறந்து வைத்துவிட்டே வெளியே வந்தாள்.

போலீசுக்குப் போவதற்கு முன் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவர்கள் சம்பந்தப்பட்டதை அவர்களைக் கேட்காமல் செய்தால் தானும் அவனைப் போலத்தான். குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாயைக் கூப்பிட்டு, எல்லோரையும் குடோன் மூலைக்கு வரச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

ஈஸ்வரி என்கிற புதுப்பெண், ராசிங்காபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருசம்கூட ஆகாதவள், போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நீ பாத்தியா?" என்று ஒருத்தி சந்திரவல்லியைக் கேட்டாள். "எங்களைய நீ பாத்தியா?"

"ரெண்டு பாத்தேன். என்னான்னு தெரியாமத் தொறந்தேன். ஒண்ணுல அக்கா இருந்தாக. இன்னொண்ணுல நானே இருந்தேன்."

"பாத்துட்டு எங்ககிட்ட வந்து சொல்றியாக்கும்! அதை அங்கனயே அடுப்புல போட வேண்டியதுதான?"

"போட்டா அவன் நாளைக்கு வேற பிளக்குல வெப்பான்."

"போலீசு மட்டும் பாக்க மாட்டானா? ஸ்டேசன்ல நாலு ஆம்பளை உக்காந்து பாப்பான்" என்றாள் இன்னொருத்தி. அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஈஸ்வரி மெல்ல, "எங்க வீட்டுல தெரிஞ்சா என்னைய வெட்டிப்புடுவாக அக்கா" என்றாள்.

சந்திரவல்லி ஈஸ்வரியின் பக்கத்தில் போய் நின்றாள். மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், அங்கே பெண் இன்ஸ்பெக்டர்தான் இருக்கிறார், டிஸ்க்கை நம் கண் முன்னாலேயே உறையில் போட்டு முத்திரை வைக்கச் சொல்லலாம், பெயர் வெளியே வராமல் கேட்கலாம் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். வேண்டாம் என்றால் தன்னைப் பற்றியதற்கு மட்டும் தான் புகார் கொடுப்பதாகவும் சொன்னாள்.

செல்லத்தாய் ஐம்பதைத் தாண்டியவள், அந்தக் குடோனில் காய் பொறுக்கியே இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தவள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் அறைக்குள் போனாள். கட்டையால் ஓங்கி அடிக்கப் போனவளைச் சந்திரவல்லி தடுத்தாள்.

"ஒடைச்சிராதீக அக்கா. அப்பிடியே இருக்கணும். போலீசு வந்து எடுக்கணும்."

செல்லத்தாய் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை அந்தப் பிளக்கின்மேல் வீசி மூடினாள். "தடவிப் பாத்தது பத்தலையாக்கும் இவனுகளுக்கு" என்றாள். "வா, போவோம். வர்றவ வரட்டும்."

அவர்கள் வாசலுக்கு வந்தபோது அழகுராஜா பைக்கில் உள்ளே வந்தான். முதலாளி போன் செய்திருக்க வேண்டும். வேர்த்திருந்தான். சந்தனம் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. பெண்களைப் பார்க்காமல் சந்திரவல்லியை மட்டும் பார்த்தான்.

"தங்கச்சி, அந்தப் பையைக் கொண்டா. அது களவு புடிக்க வெச்சது. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. உள்ள வா, பேசுவோம்."

"என்னைய தங்கச்சிங்காத" என்றாள் அவள். "ஒன்னைய அண்ணேன்னு கூப்புட்ட வாய நான் எதை வெச்சுக் கழுவுறதுன்னு தெரியல."

அவன் பைக்குக் கை நீட்டினான். செல்லத்தாய் குறுக்கே வந்து நின்றாள். வாயில் இருந்த வெற்றிலைச் சாற்றை அவனுடைய வெள்ளைச் சட்டையில் துப்பினாள். நெஞ்சிலிருந்து வயிறுவரை சிவப்பாக வழிந்தது. அவன் அப்படியே நின்றுவிட்டான். லாரிக்காரன் வண்டியை விட்டு இறங்கி வேடிக்கை பார்த்தான். எச்சில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சந்திரவல்லி, அன்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

காவல் நிலையத்துக்கு எல்லோரும் வரவில்லை. பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஈஸ்வரி வரவே இல்லை. போனவர்களை இன்ஸ்பெக்டர் உட்கார வைத்துக் கேட்டார். டிஸ்க்கை அவர்கள் கண் முன்னாலேயே உறையில் போட்டு, அரக்கு வைத்து, கையெழுத்து வாங்கினார். யாரும் அதை அங்கே ஓட்டிப் பார்க்கவில்லை. அன்றே கம்பெனிக்கு வந்து பிளக்கில் இருந்ததையும் அழகுராஜாவின் போனையும் எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிப் போனார்கள்.

விஜயபாண்டி மலையிலிருந்து இறங்கி வந்து விசயத்தைக் கேட்டதும் ஜீப்பில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தான். அதிகம் பேசாத அவன் முகம் கறுத்துப்போயிருந்தது.

"வைங்க" என்றாள் சந்திரவல்லி. "அவனை அடிச்சா நீங்க உள்ள இருப்பீக, அவன் வெளிய இருப்பான்."

அவன் கம்பியை வைத்துவிட்டான். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. சோற்றுப் பையைப் பார்த்தாலே அவளுக்கு அந்த டிஸ்க்தான் நினைவு வந்தது. மறுநாள் அந்தப் பையைக் குப்பையில் போட்டாள்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் அவள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. அழகுராஜா சில வாரங்களில் ஜாமீனில் வந்தான். வேறு ஊரில் சொந்தக்காரர் ஒருவரின் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு அவன் வருகிறபோது அதே தேய்த்த வெள்ளைச் சட்டை, அதே சந்தனம். முதலாளி தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக்கொடுத்தார். பெண்களுக்குப் புது அறை கட்டி, சாவியை அவர்களிடமே கொடுத்தார். அதைத் திறந்துவைக்க ஐயரைக் கூப்பிட்டார் என்று கேள்விப்பட்டபோது சந்திரவல்லி எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

அவளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கம்ப்யூட்டர் வேலையை மதுரைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம், அவர்கள் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள், நீ மறுபடி பில் போடு என்றார் முதலாளி. சிவந்த கீபோர்டு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். அவள் அந்த மாதமே வெளியே வந்துவிட்டாள்.

காய் பொறுக்கும் பெண்களில் சிலர் இன்றும் அவளைப் பார்த்தால் பேசுவதில்லை. டவுன் பஸ்சில் ஏறினால் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் தங்களுக்கு ஒன்றும் நடந்திருக்காது என்று அவர்களுக்கு எண்ணம். ஈஸ்வரி வேலைக்கு வரவில்லை. அவள் புருசன் அவளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். அங்கே நன்றாக இருக்கிறாள் என்றும், அடி வாங்குகிறாள் என்றும் இரண்டு விதமாகவும் ஊரில் பேச்சு. சந்திரவல்லி அவள் நம்பருக்கு மூன்று நான்கு முறை அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை.

இப்போது அவள் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறாள். போடியில் சில கடைகள், ஒரு பள்ளிக்கூடம், மலைமேல் இரண்டு மூன்று எஸ்டேட்டு ஆபீசுகள். அதே ஜீப்பு, அதே வாந்தி, அதே எறும்பு. ஒரே ஒரு வித்தியாசம்: புது இடத்தில் வேலை ஒப்புக்கொள்ளும்போதே, "பொம்பளைக ரூமு எங்கன இருக்கு, நான் ஒருக்காப் பாக்கணும்" என்று கேட்டுவிடுகிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், "வயரிங் பாக்க" என்பாள். ஒரு எஸ்டேட்டில் மேனேஜர் அதைக் கேட்டுச் சிரித்து, "சேச்சிக்கு எல்லாரையும் சம்சயம்" என்றார். அந்தச் சிரிப்புக்காகவே அந்த வேலையை விட்டுவிட்டாள். ஆனால் அதற்கு முன் அறையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

போன தை மாதம் செல்லத்தாய் அவள் வீட்டுக்கு வந்தாள். குடோனுக்கு லீவு. ஒரு பையில் மொச்சைக்காய் கொண்டுவந்திருந்தாள். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து உரித்தார்கள். வழக்கைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாய்தாவுக்கு யார் யார் வருவார்கள் என்று பேசினார்கள். வருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. உரித்துக்கொண்டே செல்லத்தாய் கேட்டாள்:

"ஏத்தா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அது வேற எங்கயும் இல்லேல்ல? அந்த டப்பாக்குள்ள மட்டுந்தான?"

சந்திரவல்லி உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அந்த வேலை தெரிந்தவள். ஒரு கோப்பு எத்தனை இடத்துக்குப் போக முடியும் என்றும் அவளுக்குத் தெரியும்.

"அவன் போனையும் எடுத்துப் பாத்துருக்காக அக்கா. வெளிய அனுப்புன மாதிரி தெரியலன்னு இன்ஸ்பெக்டரம்மா சொன்னாக" என்றாள். பிறகு, "நிச்சயமா இல்லேன்னு என்னால சொல்ல முடியல" என்றாள்.

செல்லத்தாய் கையிலிருந்த மொச்சையைப் பிரித்தாள். அதில் ஒரு புழு நெளிந்தது. நகத்தால் சுண்டி எறிந்தாள்.

"மகளுகளுக்குத் தெரியாது. மருமகனுகளுக்குத் தெரியாது" என்றாள். "பஸ்சுல எவனாச்சும் போனப் பாத்துச் சிரிச்சா, எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆகுதுத்தா. அவன் வேற எதையோ பாத்துச் சிரிப்பான். எனக்குத் தெரியுது. ஆனாலும் ஆகுது."

"எனக்கும் ஆகுதுக்கா."

"ஒனக்குமா?"

"எனக்குந்தான். யாராச்சும் புதுசா ஒரு சார்ஜரச் செருகுனாக்கூட அண்ணாந்து பாக்குறேன்."

செல்லத்தாய் அவள் முழங்காலில் கை வைத்தாள். காய் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி மரத்துப்போன கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள். மிச்ச மொச்சையையும் உரித்து முடித்தார்கள். சந்திரவல்லி அதில் பாதியைப் போட்டுக் குழம்பு வைத்தாள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். செல்லத்தாய் இருந்தாள். சாப்பிடும்போது வாய்தா பேச்சை இருவருமே எடுக்கவில்லை. குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் செல்லத்தாய் சொன்னாள்.